நாலு நிமிஷம் கெட்டிமேளம்

ரேணுக்கா, இத முழுசா படிச்சிட்டு அப்புறம் போன் பண்ணு. நடுவுல பண்ணா எனக்கு பேச வராது. வாய்ஸ் நோட்டா அனுப்பலாம்னு பாத்தேன், நீ நைனா வூட்ல கீற நேரத்துல ஸ்பீக்கர்ல போட்டுட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேட்டுடும். அதான் பேசிப் பேசி எழுத்தா மாத்திகினு கீறேன். மொதல்ல நீ படி. அப்புறம் நைனாவுக்கு நீயே படிச்சிக் காட்டு. ஒரு எடத்துல மட்டும் படிக்காதன்னு சொல்லுவேன், அத வுட்டுடு.

சாப்ட்டேன். உடம்பு நல்லா கீது. பூனால மழ இல்ல. அதெல்லாம் கேக்காத.

நம்ம தங்கச்சி விஜி கல்யாணத்துல மேளத்த பத்தி பேஸ்புக்குல எவனோ எழுதினான்ல? "எவன்டா அவன், அவன் கை வெளங்குமா"ன்னு நீ கூட கேட்டியே. அது நான்தான்கா.

உன் தம்பி தாமோதரன்தான். வேற யாரும் இல்ல.

சொல்றேன் இரு. மொதல்லருந்து சொன்னாதான் உனக்குப் புரியும்.

நான் மறைமலைநகர் கம்பெனில இருந்தப்போ நைட் ஷிப்ட் முடிஞ்சி காலைல கம்பெனி பஸ்ல செங்கல்பட்டுல எறங்குவேன். அங்கருந்து ஊருக்கு வேற பஸ்ஸு. முகூர்த்த நாள்னா ஸ்டேண்டுகிட்ட இருக்கிற மண்டபத்துலருந்து நாயன சத்தம் வரும். ஒருநாள் சும்மா உள்ள போனேன். யாரு கல்யாணம்னே தெரியாது. யூனிபார்ம் மேல ஒரு சட்டைய போட்டுகினேன். மேளக்காரங்க பக்கத்துல ஒரு சேர் காலியா கெடந்துச்சி, உக்காந்தேன். ஒரு மணி நேரம் எழுந்துக்கல. அப்புறம் நாஸ்தா சாப்ட்டு வந்துட்டேன். பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூடுன்னு நெனச்சாங்க, மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு வூடுன்னு நெனச்சாங்க. பொங்கல் நல்லா இருந்துச்சி.

அப்பிடியே பழக்கமாயிடுச்சி. ரெண்டு வருஷம். பஸ்ல தூங்காம யூடியூப்ல பழைய நாயன ரெக்கார்டா கேட்டுகினு வருவேன். இது இன்னா ராகம், அது இன்னா தாளம்னு கீழ நாலு பேரு எழுதியிருப்பான் பாரு, அத வெச்சே கத்துகினேன். யாரும் சொல்லித் தரல. சரியா தப்பான்னும் தெரியாது. காது மட்டும் நல்லா கீதுன்னு எனக்கே தெரிஞ்சிச்சி.

அப்புறம் ஒரு பேஜ் தொறந்தேன். "மேளத்துக்குப் பக்கத்து சேர்"னு பேரு. என் பேர போடல, போட்டோ போடல. இன்னிக்கி இந்த மண்டபத்துல இந்த நாயனம் கேட்டேன், இப்பிடி இருந்துச்சின்னு நம்ம பேசுற மாதிரியே எழுதினேன். மொதல்ல முப்பது பேரு படிச்சாங்க. அதுல பாதி மேளக்காரங்க. கல்யாணத்துல அவங்க வாசிக்கிறத யாரு கேக்குறா? எல்லாரும் சாப்பாட்டு வரிசைல நின்னுகினு இருப்பாங்க. ஒருத்தன் கேட்டு எழுதுறான்னதும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாயனக்காரர் "தம்பி, முப்பது வருஷத்துல என்ன பத்தி எழுத்துல பாக்குறது இதான் மொத தடவ"ன்னு போட்டிருந்தாரு. அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிகீறேன் இன்னும்.

உங்க யாருகிட்டயும் சொல்லல. நைனாவுக்குத் தெரிஞ்சா "வேலைக்குப் போறியா, கண்டவன் கல்யாணத்துல போய் உக்கார்றியா"ன்னு கேப்பாரு. அதான்.

அப்பதான் மேக்னான்னு ஒரு பொண்ணு மெசேஜ் பண்ணிச்சி. நாவலூர்ல ஐடி கம்பெனில வேல, சொந்தமா ஒரு சங்கீத பேஜ் நடத்துது. பெரிய பேஜு, லட்சம் பேரு கீறாங்க. "நீங்க எழுதுறத நான் ஷேர் பண்ணலாமா, இந்த மாதிரி யாருமே எழுதறது இல்ல"ன்னு கேட்டுச்சி. அக்கா, அந்த மெசேஜ நூறு தடவ படிச்சேன். அன்னிக்கி மிஷின்ல பீஸ தப்பா மாட்டி சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கினேன்.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், அத ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு நாளு போன்ல சொல்லிச்சி, "நீங்க எல்லாரையும் பாராட்டிகிட்டே இருக்கீங்க. தப்புன்னா தப்புன்னு பேரோட எழுதுங்க, அப்பதான் நீங்க பாராட்டுறதுக்கு மதிப்பு"ன்னு. நியாயமா பட்டுச்சி. இப்பவும் அது சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல. நான் எடுத்துகினு போன எடம்தான் தப்பு.

இப்போ கல்யாணத்துக்கு வர்றேன். நீ பச்ச ஒடம்புகாரி, கொழந்தையோட ஊர்ல இருந்த, பக்கத்து வூட்டு முனியம்மா தொணைக்கி இருந்துச்சி. மண்டபத்துல நடந்தது உனக்கு அம்மா சொன்னதுதான் தெரியும். நான் பாத்தத சொல்றேன்.

மாப்ள வூட்டு பூஞ்சேரிக்காரங்க மாமல்லபுரத்துல பெரிய மண்டபமா புடிச்சிட்டாங்க, மேளம் மட்டும் நம்ம பொறுப்புன்னு நைனா ஏத்துகினாரு. திருக்கழுக்குன்றத்து ஜானகிராமன் தவிலுதான் வேணும்னு நான்தான் நைனாகிட்ட சொன்னேன். ஏற்கெனவே மூணு தடவ அவர கேட்டு எழுதியிருக்கேன், மூணும் பாராட்டுதான். அவருக்கு நான் யாருன்னு தெரியாது.

முகூர்த்தம் ஏழரைக்கி. காலைல அஞ்சேமுக்காலு இருக்கும். மாப்ள வூட்டுக்காரங்க மாடில காபி சாப்ட்டுகினு இருந்தாங்க. கீழ கூட்டமே இல்ல. நாயனக்காரர் பிலஹரி எடுத்தாரு. கடல் காத்து ஜன்னல் வழியா வருது, யாருமில்லாத ஹாலு, அந்த ராகம். ஜானகிராமன் அண்ணாத்த தவில தொடல, கைய மடில வெச்சிகினு கண்ண மூடிகினு கேக்குறாரு. நான் போன்ல ரெக்கார்டு போட்டுட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன். என் தங்கச்சி கல்யாணத்துல இப்பிடி ஒரு பிலஹரியான்னு சேர இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுகினேன்.

அப்போ செல்வராஜ் மாமா உள்ள இருந்து ஓடி வந்தாரு. ஜானகிராமன் காதுல குனிஞ்சி ஏதோ சொன்னாரு. அவரு மாமா மூஞ்ச ஒரு தடவ பாத்தாரு. ஒரு கேள்வி கேக்கல. தவில இழுத்து மடில போட்டு அடிச்சாரு பாரு கெட்டிமேளம்! நாயனக்காரர் பதறிப்போய் வாயிலருந்து நாயனத்த எடுத்துட்டாரு. அப்புறம் அவரும் சேந்து ஊத ஆரம்பிச்சாரு. நாலு நிமிஷம். தாலி கட்டும்போது கூட ஒரு நிமிஷம்தானே அடிப்பாங்க? இது நாலு நிமிஷம் நிக்கல. அவரு கழுத்து நரம்பு பொடச்சிகினு நின்னுச்சி.

எனக்குக் கோவம். மாமாகிட்ட போய், "இன்னா மாமா, அழகா வாசிச்சிகினு இருந்தாரு, நடுவுல இன்னாத்துக்கு கெட்டிமேளம்?"னு கேட்டேன்.

"மாப்ளயோட சித்தப்பா கார்ல வந்தாருடா, மரியாதைக்கி அடிக்கச் சொன்னேன்."

"அதுக்கு நாலு நிமிஷமா?"

"நீ இன்னா மேளத்துக்கு கணக்கு எழுதறியா? போடா, போய் சாம்பார் வந்துச்சான்னு பாரு."

போனேன். சாம்பார் வந்துட்டிருந்துச்சி.

உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லல. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கெடந்த பெரியப்பா உயிரு அன்னிக்கி காலைல அஞ்சு பத்துக்கே போயிடுச்சி. பெரியம்மாவுக்கு அவங்க பையன் போன் பண்ணியிருக்கான். பொண்ணு ரூமுக்குப் பக்கத்து ரூம்ல பெரியம்மா வாய் வுட்டுக் கத்தியிருக்காங்க. பங்காளி சாவு, வெளிய தெரிஞ்சா தீட்டு, கல்யாணம் அப்பிடியே நிக்கும். அந்த சத்தம் மாடிக்கி கேக்கக்கூடாதுன்னுதான் அந்த நாலு நிமிஷம். தாலி கட்டும்போது தும்மல், அழுக, கெட்ட வார்த்த எதுவும் காதுல வுழக்கூடாதுன்னுதானே கெட்டிமேளமே. அதத்தான் மாமா கேட்டிருக்காரு, அதத்தான் அவரு செஞ்சிருக்காரு. அப்புறம் பெரியம்மா பொட்டோட பூவோட மூணு மணி நேரம் அந்த ரூம்லயே பொடவ தலப்ப வாயில வெச்சிகினு உக்காந்திருந்தாங்க. ஒம்போது மணிக்கு சாவு சேதி இப்பதான் வந்த மாதிரி நைனா எல்லாருக்கும் சொன்னாரு. நானும் அப்பிடித்தான் நம்பினேன்.

எனக்கு ஏன் சொல்லலன்னு மாமாவ அப்புறமா கேட்டேன். "உன் மூஞ்சி சினிமா போஸ்டர்டா. உன்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணு"ன்னாரு. சரிதான்.

பெரியப்பா காரியமெல்லாம் முடிஞ்சி நாலு நாளு கழிச்சி, மேக்னா "புதுசா ஒண்ணு குடுங்க, பெருசா போடலாம்"னு கேட்டுச்சி. நான் அந்த ரெக்கார்ட எடுத்துக் கேட்டேன். மறுபடி கோவம் வந்துச்சி. சொந்த தங்கச்சி கல்யாணம்ன்றதுக்காக நான் எழுதாம வுட்டா நான் இன்னா நேர்மையானவன்? அப்பிடி நெனச்சேன்கா. பெருமையா நெனச்சேன். நம்ம வூட்டு கல்யாணம்னு எழுதல. மாமல்லபுரத்துல ஒரு கல்யாணம்னு மட்டும் போட்டு, தேதி போட்டு, அவரு பேர போட்டு, ரெக்கார்டையும் போட்டேன்.

இன்னா எழுதினேன்னு உனக்கு ஞாபகம் கீதா? "பசியில உக்காந்தவனுக்கு எலைய போட்டு, சோத்த போட்டு, வாயில வெக்கிறதுக்குள்ள எலைய புடிச்சி இழுத்த மாதிரி இருந்துச்சி. கூட வாசிக்கிறவர் ராகத்த பாதில வெட்டுறவருக்கு கையில வேகம் கீது, காதுல ஒண்ணும் இல்ல. திருக்கழுக்குன்றம் ஜானகிராமன் இனிமே தவில தொடறதுக்கு முன்னாடி கேக்கக் கத்துக்கணும்." இதான்.

நாப்பதாயிரம் பேரு படிச்சாங்க. மேளக்காரங்க குரூப்புல எல்லாம் சுத்திச்சி. "எல இழுத்த ஜானகிராமன்"னு பேரே வெச்சிட்டானுங்க. சென்னையிலருந்து ஒரு சபாக்காரர் எனக்கு மெசேஜ் போட்டு, எங்க விழாவ பத்தி எழுதுறீங்களான்னு கேட்டாரு. அந்த வாரம் பூரா நான் தரையில நடக்கல.

எட்டாவது நாளு, கம்பெனி கேன்டீன்ல சாப்ட்டுகினு இருக்கும்போது ஒரு கமெண்டு வந்துச்சி. ஜானகிராமனோட தங்கச்சி மவன். அவரோட கூடவே தாளம் போடுறவன்.

"எங்க மாமாவுக்குக் கேக்கத் தெரியும். பொண்ணு வூட்ல சாவு சேதி வந்து ஒரு அம்மா கதறுனது அவருக்குக் கேட்டுச்சி. அத மறைக்கச் சொன்னாங்க, மறைச்சாரு. உனக்குத்தான் கேக்கல."

நான் அப்பதான்கா தெரிஞ்சிகினேன். பெரியப்பா எப்போ செத்தாருன்னு, அந்தக் கமெண்ட படிச்சித்தான் தெரிஞ்சிகினேன். சோத்துல கைய வெச்சிகினு அப்பிடியே உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவன் "இன்னா மச்சான், கொழம்பு புடிக்கலயா"ன்னான்.

ரெக்கார்ட போட்டுக் கேட்டேன். கேட்டுச்சி. கெட்டிமேளம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு, பிலஹரிக்கு அடியில, பெரியம்மா. அத நான் இருவது தடவ கேட்டிருக்கேன். சுருதிப்பொட்டில ஏதோ கோளாறுன்னு நெனச்சிகினு இருந்தேன்.

ஒடனே எல்லாத்தையும் அழிச்சேன். மேக்னாகிட்ட சொன்னேன், அதுவும் எடுத்துடுச்சி. பத்து நிமிஷம் கூட ஆவல. ஆனா அதுக்குள்ள பூஞ்சேரில எவனோ தேதியும் ஊரும் பாத்து, அந்தக் கமெண்ட போட்டோ புடிச்சி, ஆனந்தன் மாப்ளயோட சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டான்.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மாப்ளயோட அப்பா அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் வண்டிலருந்து வுழுந்து கால ஒடச்சிகினாரு. அவங்கம்மா ரெண்டையும் ஒண்ணா முடிச்சி போட்டுட்டாங்க. தீட்டுல கட்டின தாலி, அதான் வூட்ட புடிச்சி ஆட்டுதுன்னு விஜிய கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டாங்க. நைனா சத்தியம் பண்ணாரு, சாவு ஒம்போது மணிக்கிதான், அந்த மேளக்காரப் பையன் மாமனுக்குப் பேரு போன ஆத்திரத்துல பொய் சொல்றான்னு. நீயும் சொன்ன. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு நைனா சண்டைக்கிப் போனாரே, அவர வண்டில இட்டுகினு போனது நான்தான். அது உனக்குத் தெரியுமோ இன்னாவோ. பஸ் ஸ்டேண்டு பக்கத்துல டீக்கடையில அவரு நின்னுகினு இருந்தாரு. நைனா வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி குதிச்சிட்டாரு.

"யோவ் ஜானகிராமா! வூட்டு மானத்த வித்துட்டியேய்யா! நம்பித்தானே உன்ன கூப்ட்டோம்!"

"பெரியவரே, நான் வாய தொறக்கல. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

"உன் மருமவன் தொறந்தானே!"

"தொறந்தான். ரெண்டு அற வுட்டுட்டேன் அவன. ஆனா ஏன் தொறந்தான்? எவனோ ஒருத்தன் எனக்கு தொழிலே தெரியாதுன்னு ஊரு பூரா போட்டான். நான் இன்னான்னு பதில் சொல்றது? பொண்ணு வூட்ல சாவுன்னு சொல்லிட்டா என் பேரு நிக்கும், உங்க பொண்ணு நிக்காது. சும்மா இருந்தேன். எட்டு நாளு சும்மா இருந்தேன் பெரியவரே. அந்தப் பையனால பாக்க முடியல."

"பேசாத. இனிமே இந்த ஜில்லால எவன் வூட்டு வாசல்ல நீ தவில எறக்குறன்னு நான் பாக்குறேன்."

டீக்கடையில எல்லாரும் பாத்துகினு இருக்காங்க. அவரு என்ன பாத்தாரு. "தம்பி, நீயாவது சொல்லு. நீ பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருந்தியே. உங்க மாமா எங்கிட்ட வந்து சொன்னத நீ பாத்தல்ல?"

நான் வண்டி ஹேண்டில புடிச்சிகினு, "நைனா, வா போலாம்"னேன். அவ்ளோதான் சொன்னேன்.

அடுத்த வாரமே பூனா பிளாண்டுக்கு ஆளு வேணும்னாங்க, நான் பேர குடுத்தேன். சம்பளம் அதிகம்னு உங்ககிட்ட சொன்னேன். அதிகமெல்லாம் ஒண்ணியும் இல்ல.

நைனா சொன்ன மாதிரியே ஆயிடுச்சி. வூட்டு விஷயத்த காக்கத் தெரியாத மேளம்னு பேரு பரவிடுச்சி. தப்பா வாசிச்சா கூட மன்னிப்பாங்கக்கா, கல்யாண வூட்ல கண்டத வெளிய சொன்னா யாரு கூப்புடுவா? போன வாரம் தைரியத்த வரவழச்சிகினு அவருக்குப் போன் போட்டேன். அவரு சம்சாரம் எல்லம்மாள் எடுத்தாங்க.

"அவரு டூட்டில கீறாரு தம்பி. நாவலூர்ல அப்பார்ட்மெண்டு செக்யூரிட்டி. போன வூட்லயே வெச்சிட்டுப் போயிடுவாரு. மேளத்துக்கா? தேதி சொல்லு, நான் லீவு போடச் சொல்றேன். கண்டிப்பா வருவாரு."

மேளத்துக்குத்தான்னு நெனச்சிட்டாங்க. அந்தக் கொரல்ல அவ்ளோ சந்தோஷம். தேதி பாத்து சொல்றேன்னு வெச்சிட்டேன்.

அதுக்கப்புறம் தாங்கல. ஆனா இன்னொரு பக்கம் பேஜாரு. பூஞ்சேரிக்காரங்க எறங்கி வந்துட்டாங்க, வெள்ளிக்கெழம கார் அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க, விஜி பொட்டிய கட்டிகினு கீறான்னு அம்மா சொல்லுது. அந்தப் பையன் சொன்னது பொய்னு நம்பித்தானே அவங்க எறங்கி வந்தாங்க? நான் உண்மைய எழுதினா ஜானகிராமன் பேரு திரும்பும், விஜிய கூப்புட கார் வராது.

அதனால மொதல்ல விஜிகிட்ட சொன்னேன். செவ்வாக்கெழம.

ரேணுக்கா, இதுக்கு அடுத்தது நைனாவுக்குப் படிக்காத. நீ மட்டும் படி.

எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டல. அப்புறம், "பெரியம்மா கத்துனது எனக்குக் கேட்டுச்சிண்ணா"ன்னா.

"எப்போ?"

"அப்பவேதான். செவுரு ஒண்ணுதானே நடுவுல. பூ வெச்சிகினு இருந்தாங்க எனக்கு. மாமா கதவ தொறந்து மூஞ்ச காட்டினாரு. நான்தான் சொன்னேன், போய் மேளத்த அடிக்கச் சொல்லு மாமா, வேகமான்னு."

"விஜி..."

"பெரியப்பா தோள்ல உக்காந்து ஏரி பாத்தவண்ணா நான். அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சி, கண்ணுல மை கலையக்கூடாதுன்னு மேல பாத்துகினு இருந்தேன். உங்க மாப்ள கட்டப்போற தாலிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நெனச்சேன். எனக்கு அவர அவ்ளோ புடிச்சிருந்துச்சி. தெனமும் அவரு மூஞ்ச பாக்கும்போது சொல்லிடலாம்னு வாயி வரைக்கும் வரும். நீ போட்டுடுண்ணா. அந்த மேளக்கார ஆள இன்னும் எவ்ளோ நாளு நிக்க வெக்கிறது? வெள்ளிக்கெழமைக்கி முன்னாடியே போட்டுடு. உங்க மாப்ள தெரிஞ்சிகினு வந்தா வரட்டும்."

வேணாம் விஜின்னு நான் ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும். சொல்லல.

போட்டுட்டேன், ஆனா விஜிக்குத் தெரியும்ன்றத அதுல எழுதல. இங்கருந்து நைனாவுக்குப் படிக்கலாம்.

இன்னிக்கி மத்தியானம் அதே பேஜ்ல போட்டுட்டேன். என் பேரோட, என் போட்டோவோட. நான் எழுதினது தப்பு, அது எங்க வூட்டு கல்யாணம், எங்க மாமா கேட்டுதான் ஜானகிராமன் அடிச்சாரு, நான் கேட்டதுலயே அதான் அவரோட நல்ல வாசிப்பு, எங்க நைனா அவர பேசினதுக்கு நான் மன்னிப்பு கேக்குறேன், கல்யாணத்துக்கு அவர கூப்புடுங்கன்னு எழுதினேன். நைனா, உன் பேர நான் கெடுத்துட்டேன். நீ டீக்கடையில பேசினத திருப்பி வாங்கிகினா நல்லா இருக்கும். அது உன் இஷ்டம்.

நாலு மணிக்கி ஆனந்தன் மாப்ள போன் பண்ணாரு. கத்தல. அவரு வேன் ஓட்டிகினு இருந்திருப்பாரு போல, எங்கயோ ஓரங்கட்டி நிறுத்தின சத்தம் கேட்டுச்சி.

"மச்சான், நீ போட்டது நெசமா?"

"நெசம் மாப்ள."

"எங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். செத்தவங்கள யாரு இன்னா பண்ண முடியும், அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்பிடித்தான் பண்ணியிருப்பாங்க. அத வுடு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். விஜிக்குத் தெரியுமா? தாலி கட்டும்போது அவளுக்குத் தெரியுமா?"

இதையும் நைனாவுக்குப் படிக்காதக்கா. மறந்துட்டேன்.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்த. நாக்கு நுனில இருந்துச்சி. ஆனா இதுவரைக்கும் பொய்யால நடந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சி, அதுக்குள்ள ரெண்டு மூணு செகண்டு ஓடிடுச்சி. நான் ஒண்ணியும் சொல்லல. சொல்லாம இருந்ததே பதிலாயிடுச்சி.

"சரி மச்சான்"னாரு.

அவ்ளோதான். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. ஆனா அந்த "சரி" எனக்குக் கேட்டுச்சிக்கா. நாளைக்கி கார் வராது.

இப்போ சாயந்திரம் ஆறு மணி. இங்க ரூம் மொட்டமாடில உக்காந்துகினு பேஜ தொறந்து தொறந்து பாக்குறேன். அவரு பேர கெடுத்தத நாப்பதாயிரம் பேரு படிச்சாங்க. இத பதினோரு பேரு பாத்துகீறாங்க. அதுல ஆறு பேரு பூஞ்சேரி. மேக்னாகிட்ட ஷேர் பண்ணச் சொல்லிக் கேட்டேன், "பண்றேன், ஆனா இந்த மாதிரி மன்னிப்பெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க தாமோதரன்"னு போட்டிருந்துச்சி. ஷேர் பண்ணிச்சி. இன்னும் நாலு பேரு சேந்தாங்க. எந்த மேளக்காரரும் பாத்த மாதிரி தெரியல. திருக்கழுக்குன்றத்துல மண்டபம் வெச்சிருக்கிறவங்க எவனும் பாக்கல. யாரு பாக்கணுமோ அவங்கள வுட்டுட்டு, யாரு பாக்கக்கூடாதோ அவங்க மட்டும் பாத்துட்டாங்க.

கொழந்தைய மாமியார்கிட்ட வுட்டுட்டு நீ காலைல மதுராந்தகத்துலருந்து மொத பஸ்ல ஊருக்குப் போ. நைனாவ இட்டுகினு திருக்கழுக்குன்றம் போக முடியுமான்னு பாரு. போஸ்ட யாரும் பாக்கலன்னா நைனா வாயாலதான் அந்த டீக்கடையில சொல்லணும். வேற வழி எனக்குத் தெரியல. அவரு முடியாதுன்னா எனக்கு லீவு கெடச்சதும் நான் வந்து நிக்கிறேன்.

விஜி ஏழு மணிக்கே குளிச்சி ரெடியாயி உக்காந்துடுவா. கார் வராதுன்னு நீங்க யாரும் சொல்லாதீங்க. நான் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி போன் பண்றேன். ஆனந்தன் கேட்டதையும் நான் வாய மூடிகினு இருந்ததையும் நான்தான் அவகிட்ட சொல்லணும். போன அவ கையில குடுத்துட்டு நீ கொஞ்சம் வெளிய வந்துடு.